ஓசின்ட் கருவிப் பட்டியல் தயாரிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் வேலை செய்யும் செய்தியாளர்கள், இதழியல் மாணவர்கள், தகவல் உரிமை மனு போட்டுப் பழகியவர்கள் ஆகியோருக்காக ஒரு கருவிப் பட்டியலைப் பராமரித்து வருகிறேன். அதை வாங்கிப் போகிறவர்களுக்கும், தங்களுக்கென்று ஒன்று தயாரிக்க நினைப்பவர்களுக்கும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

ஓசின்ட்னா என்ன சார்? ஹேக்கிங் மாதிரியா?

இல்லை. யார் வேண்டுமானாலும் சட்டப்படி பார்க்கக்கூடிய இடங்களிலிருந்து தகவலைத் திரட்டி, சரிபார்த்து, ஒரு கேள்விக்குப் பதில் காண்பதுதான் ஓசின்ட் ('ஓப்பன் சோர்ஸ் இன்டெலிஜென்ஸ்' என்பதன் சுருக்கம்). செய்தித்தாள், அரசிதழ், தீர்ப்பு நகல், நிறுவனப் பதிவு, செயற்கைக்கோள் படம், ஒருவர் தானே பொதுவில் போட்ட பதிவு எல்லாம் இதில் அடக்கம். இணையத்தோடு பிறந்த வேலையும் அல்ல. வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டுக் குறிப்பெடுக்க பிபிசி 1939-லேயே ஒரு பிரிவைத் தொடங்கிவிட்டது. அமெரிக்கா 1941-இல் அதையே செய்தது.

அடுத்தவர் கணக்குக்குள் அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்தால் அது ஓசின்ட் அல்ல. '123456' என்று யாரும் யூகிக்கக்கூடியதாக இருந்தாலும் சரி, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி அது குற்றம். அப்படி நுழைய உதவும் எதுவும் பட்டியலில் வராது.

நெட்ல ஏற்கெனவே ஆயிரம் டூல் போட்ட லிஸ்ட் இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?

இருக்கிறது, அவற்றைத் தெரிந்துவைத்திருப்பதும் நல்லது. ஜஸ்டின் நார்டைன் தொடங்கிய ஓசின்ட் ஃபிரேம்வொர்க், கிளை கிளையாக விரியும் மர வரைபடம். எதைக் கணினியில் நிறுவ வேண்டும், எதற்குக் கணக்குத் தொடங்க வேண்டும் என்று பெயருக்குப் பக்கத்திலேயே குறியீடு இருக்கும். நிரலாளர்கள் மென்பொருளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 'ஆசம் ஓசின்ட்' என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. பெல்லிங்கேட் என்ற ஓசின்ட் புலனாய்வுக் குழுவின் தொகுப்பு பல ஆண்டுகள் கூகுள் ஷீட்டாக இருந்தது. 2024-இல் தன்னார்வலர்களை வைத்து, கருவிக்கு ஒரு பக்கம் என்று அதை மாற்றி எழுதினார்கள். மூன்றில் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால் இந்தக் கடைசியைத்தான் சொல்வேன். ஒரு கருவியால் என்ன முடியாது என்பதையும் அதில் எழுதுகிறார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இவை ஐரோப்பா, அமெரிக்காவில் தேடுகிறவர்களை மனதில் வைத்து உருவானவை. ஆள் தேடும் கருவிகள் பலவும் அமெரிக்க முகவரிப் பதிவுகளை நம்பி ஓடுபவை. வில்லங்கச் சான்று எங்கே பார்ப்பது, வானவில் எழுத்துருவில் இருக்கும் பிடிஎஃப்பை எப்படித் தேடுவது என்று அவற்றில் தேடிப் பயனில்லை. நம் பட்டியலுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

எத்தனை டூல் இருந்தா போதும்?

முப்பது, நாற்பது. அதற்கு மேல் போனால் பராமரிக்க முடியாது, பராமரிக்காத பட்டியலை யாரும் இரண்டாம் முறை திறக்க மாட்டார்கள். ஒரே வேலையைச் செய்யும் ஆறு கருவிகள் தெரிந்தால் இரண்டை வையுங்கள்: ஒன்று முதலில் போக, இன்னொன்று அது படுத்துவிட்டால் போக.

படம், வீடியோ, ஆள், கம்பெனின்னு பிரிச்சா போதாதா?

தொகுப்பவருக்கு அது வசதி. தேடுகிறவர் அப்படி யோசிப்பதில்லை. அவர் கையில் ஒரு கேள்வி இருக்கும்: 'இந்த வீடியோ பழசா?', 'இந்த இடம் எது?', 'இந்தக் கம்பெனிக்குப் பின்னால் யார்?', 'இந்த நிலம் எப்போது கைமாறியது?', 'அழித்த பக்கத்தில் என்ன இருந்தது?' இந்தக் கேள்விகளையே தலைப்பாக வைத்துவிடுங்கள். ஒரே கருவி இரண்டு மூன்று தலைப்புகளில் வந்தால் வரட்டும். கூகுள் எர்த் ப்ரோ என் பட்டியலில் இடத்தைக் கண்டுபிடிக்கவும் வருகிறது, காலத்தைக் கண்டுபிடிக்கவும் வருகிறது. இரண்டு இடத்திலும் குறிப்பு வேறு வேறு.

பேரும் லிங்க்கும் போட்டா பத்தாதா? ஒவ்வொண்ணுக்கும் என்ன எழுதணும்?

பெயரும் இணைப்பும் கூகுளிலேயே கிடைக்கும். என் பட்டியலிலிருந்து ஒரு பதிவை அப்படியே தருகிறேன்.

கோபர்னிகஸ் பிரவுசர். எதற்கு: ஓரிடம் காலப்போக்கில் எப்படி மாறியது என்று பார்க்க. தருவது: சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள், 2015 முதல், ஒரு புள்ளிக்கு 10 மீட்டர், சுமார் ஐந்து நாளுக்கு ஒன்று. தராதது: ஆள், கார், லாரி, ஒற்றை வீடு. மேகம் மூடினால் எதுவுமே இல்லை. கட்டணம்: இல்லை, ஆனால் முழு அளவுப் படத்தை இறக்கக் கணக்கு வேண்டும். மாற்று: மழைக்காலத்தில் இதே தளத்தில் சென்டினல்-1. கடைசியாகத் திறந்து பார்த்த தேதி.

'தராதது' என்ற வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊருக்கு அது ரொம்ப முக்கியம். எந்த ஏரி நிரம்பியது, எந்தப் பகுதி மூழ்கியது என்று நாம் தேடுவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வாரக்கணக்கில் மேகம் விலகாது, சென்டினல்-2 முழுக்க வெள்ளையாகத்தான் வரும். சென்டினல்-1 ரேடார் என்பதால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அதில் தேங்கிய நீர் கறுப்பாகத் தெரியும். வயல்வெளிக்கும் ஏரிக்கும் இது அருமையான கருவி. நகரத்துக்குள் கட்டிடச் சுவர்கள் ரேடார் அலையைத் திருப்பி அடிப்பதால் தெருவில் நிற்கும் வெள்ளம் சரியாகத் தெரியாது. இந்த நான்கு வாக்கியம் இல்லாமல் வெறும் இணைப்பைக் கொடுத்தால், ஒரு மாணவர் டிசம்பரில் அதைத் திறந்து வெள்ளை மேகத்தைப் பார்த்துவிட்டு 'இது வேலை செய்யவில்லை' என்று மூடிவிடுவார்.

புது டூல் ஒண்ணு யாராவது சொன்னா உடனே சேர்த்துடலாமா?

விடை தெரிந்த கேள்வியை முதலில் அதற்குக் கொடுங்கள். படத்தின் இடத்தைச் சொல்லும் கருவி என்றால், எங்கே எடுத்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்த, இணையத்தில் ஏற்றாத படத்தைக் கொடுங்கள். ஏற்கெனவே பொதுவில் இருக்கும் படத்தைக் கொடுத்தால் அது யோசித்துச் சொன்னதா, எங்காவது பார்த்துச் சொன்னதா என்று தெரியாது.

அப்புறம் விடையே இல்லாத கேள்வியையும் கொடுங்கள். ஷெர்லாக் என்ற கருவி ஒரு பயனர் பெயரை வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான தளங்களில் அந்தப் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று பார்க்கும். விசைப்பலகையில் கையை வைத்துக் கண்டபடி தட்டிய, உலகத்தில் யாரும் வைத்திருக்க முடியாத ஒரு பெயரை அதற்குக் கொடுத்துப் பாருங்கள். சில தளங்களில் 'இருக்கிறது' என்று வரக்கூடும். இல்லாத பக்கத்துக்கும் அந்தத் தளங்கள் ஏதோ ஒரு பக்கத்தைத் திருப்பி அனுப்புவதுதான் காரணம். எந்தெந்தத் தளம் இப்படிப் பொய் சொல்கிறது என்பதையும் குறிப்பில் எழுதிவையுங்கள்.

படம் பழசான்னு பாக்க கூகுள் லென்ஸ் ஒண்ணே போதாதா?

போதாது. ஒவ்வொரு தேடுபொறிக்கும் ஒரு குணம். லென்ஸ் பொருட்களையும், படத்தில் இருக்கும் தமிழ் எழுத்தையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் 'இதுபோன்ற' படங்களைக் கொட்டிக் குழப்பும். யாண்டெக்ஸ் கட்டிடங்களிலும் நிலப்பரப்பிலும் கெட்டி. டின்ஐ 2008 முதல் இருக்கிறது. அதன் சேகரம் சிறியது, ஆனால் கிடைத்ததைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்திக் காட்டும். 'பழசா?' என்ற கேள்விக்கு அந்த வரிசைதான் வேண்டும். வீடியோ என்றால் இன்விட் என்ற உலாவி நீட்சி அதைத் தனித்தனிச் சட்டகங்களாக (ஃபிரேம்) பிரித்துத் தரும். அவற்றில் முகம் மட்டும் தெரிகிற சட்டகத்தை விட்டுவிட்டு, பின்னணியும் பலகையும் தெரிகிற சட்டகத்தைத் தேடுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் இடவலம் திருப்பிப் பாருங்கள். வேண்டுமென்றே கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பரப்புவது பழைய தந்திரம்.

2018-இல் வாட்ஸ்அப்பில் ஓடிய பிள்ளை பிடிப்பவர் வீடியோ நினைவிருக்கும்: பைக்கில் வரும் இருவர் தெருவில் நின்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, வாசகம் எழுதிய பலகையைக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோவிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று ஓடிய வீடியோக்களும் வேறு இடங்களில், வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களே. இவற்றை உடைக்க வேண்டியிருந்தது சட்டகமும் பொறுமையும்தான், விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் இல்லை.

வாட்ஸ்அப்ல வந்த போட்டோல தேதி, இடம் எதுவும் காட்ட மாட்டேங்குதே?

காட்டாது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், எக்ஸ் எல்லாம் படத்தை அனுப்பும்போதே எக்ஸிஃப் தகவலை, அதாவது கேமரா கோப்புக்குள் எழுதிவைக்கும் தேதி, இடம் போன்றவற்றை, கழற்றிவிடும். அந்தத் தகவலைப் படிக்க ஃபில் ஹார்வியின் எக்ஸிஃப்டூல் அருமையான கருவி, ஆனால் எடுத்தவரிடமிருந்து அசல் கோப்பு கைக்கு வந்தால் மட்டும். பட்டியலில் அதன் முதல் வரியே இதுதான். அசல் கோப்பிலும் கேமராவின் கடிகாரம் தப்பாக இருந்தால் தேதியும் தப்புதான்.

அப்போ இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எந்த டூல்?

முதல் கருவி கண். நம் ஊர்ப் படங்களில் துப்பு கொட்டிக் கிடக்கும். கடைப்பலகையில் தொலைபேசி எண் 0452 என்று தொடங்கினால் மதுரை, 0462 என்றால் திருநெல்வேலி, 0422 என்றால் கோவை. நிற்கிற வண்டிகளில் நாலில் மூன்று டிஎன் 72 என்றால் மறுபடி நெல்லைப் பக்கம். ஒரே ஒரு வண்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது சுற்றுலா வந்திருக்கும். சுவர் விளம்பரத்தில் ஜவுளிக்கடையின் பெயர், அரசுப் பேருந்தில் கோட்டத்தின் பெயர், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் தெருப் பெயர். சுவரொட்டியில் தேதியும் இருக்கும் என்பது கூடுதல் வசதி.

இப்படி ஊரைச் சுருக்கிய பிறகுதான் கூகுள் எர்த் ப்ரோவும் ஸ்ட்ரீட் வியூவும். ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுக்கு 2022-இல்தான் முறையாக வந்தது. முதலில் பத்து நகரங்கள், சென்னை அதில் ஒன்று. சிற்றூர்களுக்கு மேப்பில்லரியில் யாராவது படம் ஏற்றியிருக்கிறார்களா பாருங்கள், கூகுள் மேப்பில் கடைக்காரர்கள் போடும் புகைப்படங்களும் கைகொடுக்கும். நேரம் தெரிய வேண்டுமானால் சன்கால்க்: இடமும் தேதியும் கொடுத்தால் எந்த நேரத்தில் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழும் என்று காட்டும். இடம் தெரியாமல் அதைத் திறப்பதில் அர்த்தமில்லை.

தமிழ்ப் பேரை வெச்சுத் தேடினா ஒண்ணுமே கிடைக்கலையே, ஆள் இருக்காரு, பதிவும் இருக்கு?

அடிக்கடி வரும் கேள்வி இது, எந்த வெளிநாட்டுப் பட்டியலிலும் பதில் இல்லாத கேள்வியும் இதுதான். மூன்று காரணங்கள். முதலாவது எழுத்துக்கூட்டல். ஏழுமலை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது இ-யில் தொடங்கலாம், ஒய்-யில் தொடங்கலாம். நடுவில் இருக்கும் ழ, இசட்-எச் ஆகவோ, வெறும் எல் ஆகவோ மாறலாம். அதே ஆள் வாக்காளர் பட்டியலில் ஒரு மாதிரி, கம்பெனிப் பதிவில் வேறு மாதிரி இருப்பார். தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் எல்லா வடிவத்தையும் எழுதிக்கொள்வதுதான் மருந்து. இலங்கைத் தமிழர் பெயர்கள் என்றால் ராசா, ராஜா என்று முடிகிறவற்றின் கடைசியில் ஒரு எச் சேர்த்தும் பாருங்கள்.

இரண்டாவது முன்னெழுத்து. மு. ஏழுமலை என்பவர் கடவுச்சீட்டில் ஏழுமலை முருகன் ஆகிவிடுவார். கம்பெனி இயக்குநர் பட்டியலில் முருகன் ஏழுமலை. வெளிநாட்டுக் கருவி முருகனைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அவருக்குச் சம்பந்தமே இல்லாத நூறு முருகன்களை உறவினராகக் காட்டும். அந்த 'உறவினர்' வலைப்படத்தை நம்பி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

மூன்றாவது எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணம் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் தட்டித் தேடினால் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுக்கு மாற ஆணையிட்டது, ஆனால் அதற்கு முந்தைய கோப்புகளும், பிந்தைய சில கோப்புகளும் அப்படியேதான் கிடக்கின்றன. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் உண்மை தெரிந்துவிடும். ஒட்டியதை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கிக்கொள்ளலாம். தேடும்போது இதையே திருப்பிப் போட்டு, பெயரை வானவிலுக்கு மாற்றி அந்தப் புரியாத எழுத்துக் கோவையைக் கூகுளில் தட்டிப் பாருங்கள், சில நேரம் வசமாக மாட்டும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறக்கலாம், இல்லாவிட்டால் டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள். இரண்டுமே தமிழ் வாசிக்கும். சர்வே எண், தொகை இவற்றை மட்டும் கண்ணால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பதிவுல எதெல்லாம் ஆன்லைன்ல பாக்கலாம்?

நிலத்துக்குப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று, வருவாய்த்துறைத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம். வழக்குக்கு ஈ-கோர்ட்ஸ். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரங்கள். அவற்றைத் தொகுத்துத் தேட ஏடிஆர் அமைப்பின் மைநேதா. கம்பெனிக்கு நிறுவன விவகார அமைச்சகத்தின் தளம். ஒப்பந்தப்புள்ளிக்கு மாநில டெண்டர் தளம். வெளிநாட்டுக் கணக்குத் தொடர்பு இருக்கும் என்று சந்தேகப்பட்டால் புலனாய்வுச் செய்தியாளர் அமைப்புகளான ஐசிஐஜேயின் ஆஃப்ஷோர் லீக்ஸ் தரவுத்தளமும் ஓசிசிஆர்பியின் அலெஃபும். அவற்றில் பெயர் இருப்பதாலேயே குற்றம் என்று ஆகாது.

குறை இருக்கும் இடம்: வில்லங்கச் சான்று பதிவான பத்திரத்தை மட்டும் காட்டும், பதியாத ஒப்பந்தமும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் வராது. ஈ-கோர்ட்ஸில் பெயரை வைத்துத் தேடினால் முந்தைய கேள்வியில் சொன்ன எழுத்துக்கூட்டல் தொல்லை முழுசாக வரும். பல அரசுத் தளங்கள் வெளிநாட்டிலிருந்து திறக்காது, ஆகவே விபிஎன் போட்டிருந்தால் முதலில் அணைத்துப் பாருங்கள். இணையத்தில் இல்லாததற்கு தகவல் உரிமை மனு இருக்கிறது. பட்டியலில் அதையும் ஒரு கருவியாகவே போட்டிருக்கிறேன்.

கப்பல், விமானம் டிராக் பண்றது?

ஃபிளைட்ரேடார்24 எல்லாருக்கும் தெரியும், ஆனால் உரிமையாளர் கேட்டால் விமானத்தை மறைத்துவிடும். மறைக்காததால் பெயர் வாங்கிய ஏடிஎஸ்பி எக்ஸ்சேஞ்ச் 2023 ஜனவரியில் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அப்போது பிரிந்தவர்கள் நடத்தும் சிறு தளங்களும் இருக்கின்றன. கப்பலுக்கு மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர். இவை நம்புவது கப்பல் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவியை. அது கட்டாயமாக இருப்பது சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களிலும் பயணிகள் கப்பல்களிலும். பாக் நீரிணையில் பிடிபட்ட ஒரு படகு எந்தப் பக்கம் நின்றது என்று பார்க்க இதைத் திறந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

போன மாசம் வேலை செஞ்ச டூல் இப்ப செத்துப் போச்சே, என்ன பண்றது?

இந்தத் துறையின் இயல்பே அதுதான். ஃபேஸ்புக் 2019 ஜூனில் பொதுப் பதிவுகளை நுணுக்கமாகத் தேட உதவிய கிராஃப் தேடலை மூடியது, அதை நம்பி எழுதிய கருவிகள் ஒரே வாரத்தில் படுத்தன. ட்விட்டர் 2023 பிப்ரவரியில் இலவச ஏபிஐ (பிற மென்பொருள்கள் தரவை எடுக்கும் வாசல்) கிடையாது என்றது. அதே ஆண்டு ரெடிட், தன் பதிவுகளைச் சேமித்துத் தேட வைத்த புஷ்ஷிஃப்ட்டுக்கு வாசலை அடைத்தது. மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று, ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று காட்டிய கிரவுட்டேங்கிளை நிறுத்தியது, அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கிய நேரத்தில். கூகுள் சேமித்துவைத்த பழைய நகலைக் காட்டும் கேஷ் பக்கமும் 2024-இல் போனது.

செத்ததைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். கடைசியில் 'இப்போது இல்லை' என்று ஒரு பகுதி வைத்து, எப்போது போனது, பதிலுக்கு எது என்று ஒரு வரி எழுதுங்கள். யாராவது பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்துவிட்டு, ட்விட்டர் பதிவுகளைத் திரட்டிய பழைய கருவியான 'ட்வின்ட் ஓட மாட்டேங்குது' என்று வந்து நிற்பார்கள், அவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா இணைப்பையும் திறந்து பார்த்துத் தேதியை மாற்றுங்கள். இணைப்பு திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பத்தாது, ஏற்கெனவே சொன்ன விடை தெரிந்த கேள்வியை மறுபடி கொடுங்கள்.

ஆதாரத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சா போதாதா?

ஸ்க்ரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம், அதனால்தான் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். பக்கத்தை வேபேக் மெஷினில் சேமியுங்கள், அது எடுக்கத் தவறும் சமூக ஊடகப் பதிவுகளுக்கு ஆர்கைவ் டுடே. இரண்டும் வேறொருவர் நடத்தும் தளங்கள். 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவ் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது. ஆகவே உங்கள் கணினியிலும் ஒரு நகல், கூடவே அந்தக் கோப்பின் ஷா-256 ஹாஷ் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்), எடுத்த நேரம், முகவரி. ஹாஷ் எடுக்கத் தனிக் கருவி வேண்டாம், விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது.

இதை மெனக்கெட்டுச் சொல்வதற்குக் காரணம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு. மின்னணுச் சாட்சியத்தோடு தர வேண்டிய சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்புக்கு இடம் இருக்கிறது. சர்வதேச அளவில் ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020-இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையும் இந்த ஒழுங்கைத்தான் கேட்கிறது.

போன் நம்பர் போட்டா பேர், அட்ரஸ் எல்லாம் தர்ற டெலிகிராம் பாட் இருக்கு. அதையும் சேருங்களேன்?

மாட்டேன். அந்தத் தகவல் எங்கிருந்தோ கசிந்து, விலைக்குப் போய், அந்த டெலிகிராம் பாட் கைக்கு வந்தது. 'பொதுவில் கிடைக்கிறது' என்பதற்கும் 'திருடியது பொதுவில் கிடக்கிறது' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' பட்டியலில் இருக்கிறது, ஏனென்றால் எந்தக் கசிவில் உங்கள் மின்னஞ்சல் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும், கசிந்ததை எடுத்து நீட்டாது. முகத்தைக் கொடுத்து ஆளைத் தேடும் பிம்ஐஸ் போன்றவற்றையும் நான் சேர்ப்பதில்லை. பொது வாழ்வில் இருப்பவர்களுக்கு அது தேவையே இல்லை. தனி மனிதர்களிடம் பயன்படுத்தினால் பெரும்பாலும் ஒரு பெண்ணைத் துரத்தத்தான் உதவும்.

தவறான ஆளைக் காட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரெடிட்டில் கூடிய ஆர்வலர்கள், புகைப்படங்களை ஒப்பிட்டு, காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்றார்கள். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. தேடித் தவித்துக்கொண்டிருந்த அவருடைய குடும்பத்துக்கு வசைகள் குவிந்தன.

நான் தேடுறது அந்த ஆளுக்குத் தெரியுமா?

சில இடங்களில் தெரியும். லிங்க்ட்இன் உங்கள் பெயரையே காட்டும், அமைப்பில் மாற்றினால் ஒழிய. இன்ஸ்டாகிராம் ஸ்டோரி பார்த்தவர் பட்டியல் தரும். ட்ரூகாலரில் யார் பார்த்தார்கள் என்று காசு கட்டியவருக்குத் தெரியும். இதற்காகப் போலிக் கணக்குத் தொடங்குபவர்கள் உண்டு. ஃபேஸ்புக் விதிப்படி அது கூடாது, பார்க்க மட்டும் என்று தொடங்கியவர் ஒரு கட்டத்தில் பேசவும் தொடங்கிவிடுவார்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: நீங்கள் தேடுவது கருவி நடத்துபவருக்குத் தெரியும். வெளிவராத படத்தை இலவசத் தளத்தில் ஏற்றினால் அது அங்கேயே தங்கலாம். கிட்ஹப்பில் கிடைத்ததை அலுவலகக் கணினியில் அப்படியே ஓட்டுவதும் வேண்டாம், தனி மெய்நிகர் கணினியில் (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டுங்கள்.

சாட்ஜிபிடி கிட்ட கேட்டா இந்த லிஸ்ட்டையே ஒரு நிமிஷத்துல தந்துடுமே?

தரும். அதில் மேலே சொன்ன செத்தவையும் உயிரோடு இருப்பதுபோல் வரும், பிறக்கவே இல்லாத சிலவும் வரலாம். ஏழுமலைக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் சாத்தியம், ஒரு கட்டளையில் பிழை எங்கே, தாய்லாந்துப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது போன்றவற்றுக்குக் கேளுங்கள், நன்றாக உதவும். விடையை வேறு வழியில் சரிபார்க்க முடிகிற வேலைகள் அவை.

பட்டியலைப் பொதுவுல வெச்சா நல்ல டூலை எல்லாம் மூடிட மாட்டாங்களா?

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓசின்ட் பயிற்றுநர் மைக்கேல் பாசெல் தன் தளத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருந்த தேடல் கருவிகளை 2019-இல் இறக்கிவிட்டார். ஓட்டையை வைத்து ஓடும் தந்திரங்களை நெருங்கியவர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். முறைப்படி திறந்திருக்கும் பதிவுகளை எவ்வளவு பேருக்குச் சொன்னாலும் நல்லதுதான், நிறையப் பேர் பயன்படுத்தும் அரசுத் தளத்தைச் சத்தமில்லாமல் மூடுவது கடினம்.

ரெண்டு டூல் ரெண்டு விதமா சொன்னா எதை நம்புறது?

பெரும்பாலும் அவை வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கும். செயற்கைக்கோள் வழியே தீயைக் காட்டும் நாசாவின் ஃபிர்ம்ஸ் தளம் ஓரிடத்தில் சிவப்புப் புள்ளி காட்டுகிறது, ஊர்க்காரர்கள் தீயே இல்லை என்கிறார்கள். ஃபிர்ம்ஸ் காட்டுவது வெப்பம். அது செங்கல் சூளையாகவோ ஆலையின் புகைபோக்கியாகவோ இருக்கலாம், புள்ளியும் 375 மீட்டர் சதுரத்தின் நடுவில் போட்டது.

இன்னொரு உதாரணம்: ஏரிக்குள் ஒரு கிடங்கு எப்போது வந்தது என்று தேடுகிறீர்கள் என்று வையுங்கள். கூகுள் எர்த் ப்ரோவின் பழைய படங்களில் 2018 பிப்ரவரியில் வெறும் தரை, அடுத்த படம் 2020 மே, அதில் கூரை நிற்கிறது. சென்டினல்-2 இல் 2019 நடுவிலிருந்தே ஒரு வெளிர் திட்டு. வில்லங்கச் சான்றில் பத்திரத் தேதி 2016. மூன்றும் முட்டிக்கொள்ளவில்லை. பத்திரம் சொல்வது விற்பனையை. வெளிர் திட்டு மண் கொட்டியதாகவும் இருக்கலாம், கூரையாகவும் இருக்கலாம்: 40 மீட்டர் நீளக் கொட்டகை அதில் நான்கே புள்ளி. ஆகவே கட்டிடம் 2018 பிப்ரவரிக்கும் 2020 மேக்கும் இடையில் வந்தது, நிலம் 2019 நடுவில் மாறத் தொடங்கியது, என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். அந்தச் சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கா என்பதை அ-பதிவேட்டில் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் உரிமையாளரைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேளுங்கள்.